வீட்டு முற்றத்தில் இமாம் பசந்த்

மாம்பழத்தைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால், தமிழர் கூடியிருக்கும் எந்தச் சபையும் கட்சி பிரிந்து போவது இயல்பு. சேலத்தார் மல்கோவாவின் பக்கம் நிற்பார்கள். நீலத்தின் மணத்துக்கு ஈடில்லை என்று வாதிடுவோரும் உண்டு. காவிரிக் கரையில், குறிப்பாகத் திருச்சி, ஸ்ரீரங்கம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களோ, இமாம் பசந்த் என்ற ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் வாதம் எதற்கு என்பதுபோல் வாளாவிருப்பார்கள். பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள் கோடைதோறும் நினைந்து ஏங்கும் பழங்களுள் இதற்குத் தனி இடம் உண்டு. அந்த ஏக்கத்தை ஏக்கமாகவே விட்டுவிடாமல், வாழும் இடத்திலேயே அம்மரத்தை வளர்த்து அதன் கனியைச் சுவைக்க இயலுமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். பெயர் தெரியாமையால் இப்பழத்தை எதிரில் கண்டும் அறியாமல் கடந்து செல்பவர் பலர். தமிழ்நாட்டில் இமாம் பசந்த் என்று நாம் அழைப்பதை ஹைதராபாத்திலும் அதைச் சூழ்ந்த தெலங்கானாப் பகுதியிலும் ஹிமாயத் என்பார்கள். தோட்டக்கலை நூல்கள் ஹிமாயுத்தீன் என்று குறிக்கின்றன. ஹிமாம் பசந்த் என்றும் எழுதுவதுண்டு. ‘பசந்த்’ என்ற சொல்லுக்கு விருப்பம் என்று பொருள். ஆதலால் இமாம் விரும்பிய கனி என்று பெயர் விரிகிறது. முகலாய மன்னர் ஹுமாயூனோடு இதை இணைத்துக் கதை சொல்வோரும் உண்டு. செகந்திராபாத்தில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் இமாம் பசந்த் கிடைக்கவில்லையே என்று வருந்தினால், அவர் கேட்க வேண்டிய பெயர் ஹிமாயத் என்பதே.

இப்பழம் அரியதாக இருப்பதற்குக் காரணங்கள் உள. முதலாவது, மரம் செழித்து வளர்ந்தாலும் காய்ப்பு குறைவு. ஓராண்டு காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துபோகும் இயல்பும் இதற்கு உண்டு. இரண்டாவது, பழத்தின் தோல் மிகவும் மெல்லியது. பங்கனப்பள்ளியைப்போல் கூடையில் அடுக்கி நெடுந்தூரம் அனுப்பினால் வழியிலேயே நசுங்கிவிடும். மூன்றாவது, பருவம் குறுகியது. வைகாசியில் வந்து ஆனியில் மறைந்துவிடும். நான்காவது, பழுத்த பிறகும் தோலின் பசுமை பெரும்பாலும் மாறுவதில்லை. மஞ்சள் நிறத்தைக் கண்டு பழம் வாங்கும் நகரத்தார் இதைக் காய் என்று எண்ணி ஒதுக்கிவிடுகின்றனர். மிகுதியாகக் காய்ப்பதும், நிறத்தால் கவர்வதும், பயணத்தைத் தாங்குவதுமான ரகங்களையே வியாபாரம் விரும்பும். இம்மூன்றிலும் பின்தங்கிய ஒரு பழம், சுவை ஒன்றையே துணையாகக் கொண்டு இத்தனை காலம் நிலைத்திருப்பது வியப்புக்குரியது. அப்படி நிலைத்திருப்பதற்குத் தோட்டக்காரர்களோடு வீடுகளும் காரணம். விற்பனைக்கு ஏற்காத பழத்தை, உண்பதற்கென்று நட்டு வளர்ப்பவர்கள் வீட்டுக்காரர்களே அல்லவா?

இனி, வளர்க்கும் முறைக்கு வருவோம். நல்ல பழம் ஒன்றை உண்டபின் அதன் கொட்டையைப் புதைத்து வைத்தால் அதே பழம் கிடைக்கும் என்று நம்புவோர் பலர். இந்தியாவின் பெரும்பாலான மா ரகங்களில் ஒரு கொட்டைக்குள் ஒரே கரு இருக்கிறது. அது தாய்மரத்தின் சூலும் வேறொரு மரத்தின் மகரந்தமும் கலந்து உண்டானது. ஆகையால் முளைத்து வரும் கன்று தாயை அப்படியே ஒத்திருப்பதில்லை. அது புதியதொரு மரம். அதன் பழம் புளிக்கலாம், நார் நிறைந்திருக்கலாம், எப்பொழுதாவது ஒருமுறை தாயைவிடச் சிறந்தும் இருக்கலாம். மேற்குக் கரையோரத்தில் விளையும் ஒலூர், வெள்ளைக் கொழும்பான் போன்ற சில ரகங்களின் கொட்டையில் பல கருக்கள் இருப்பதால், அவற்றிலிருந்து மட்டும் தாயை ஒத்த கன்றுகள் எழும். இமாம் பசந்த் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

எனவே, ஒரு மா ரகம் என்பது உண்மையில் ஒரே மரம் என்று சொன்னால் அது மிகையாகாது. என்றோ ஒரு காலத்தில் தற்செயலாக முளைத்த ஒரு மரத்தின் பழம் சிறந்திருக்கக் கண்டு, அதன் கிளைக் குச்சியை வேறொரு நாற்றில் ஒட்டினார்கள், அந்த ஒட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று. உத்தரப் பிரதேசத்தில் லக்னோவை அடுத்த காக்கோரிக்கு அருகே தசேரி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே நிற்கும் முதிய மரமே நாட்டிலுள்ள தசேரி மரங்கள் அனைத்துக்கும் தாய் என்று கருதப்படுகிறது. தில்லியில் நாம் உண்ணும் தசேரிப் பழம் ஒவ்வொன்றும் அந்த ஒரு மரத்தின் நீட்சியே. ஆகவே, ஒட்டு எடுக்கும் கை நின்றுபோய், இருக்கும் மரங்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்துவிட்டால், அந்த ரகம் உலகத்திலிருந்தே மறைந்துவிடும். ஆயிரம் கொட்டைகளைச் சேமித்து வைத்திருந்தாலும் அதை மீட்க முடியாது. வீட்டில் ஓர் அரிய மாமரத்தை நடுவது நாவின் இன்பத்துக்காக மட்டுமன்று என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

ஒட்டுக்கன்று வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நாற்றங்கால் அல்லது நெடுநாள் பெயர்பெற்ற நாற்றுப்பண்ணை ஆகியவற்றிலிருந்து வாங்குவது நலம். தெருவில் வண்டியில் வருபவரிடம் வாங்கினால், ஐந்தாண்டு கழித்துப் பழம் கண்ட பின்பே ஏமாந்தது தெரியும். கன்று உயரமாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒன்றரை அடி அல்லது இரண்டு அடி உயரமும், ஓராண்டு வயதும், ஒட்டுச் சேர்ந்த இடத்தில் வெடிப்பில்லாத உறுதியும் இருந்தால் போதும். சிறிய பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்டுபோன பெரிய கன்றைவிட, துடிப்புள்ள சிறிய கன்றே மேலானது.

தரையில் நடுவதற்கு இடமிருப்பவர்கள், கட்டடச் சுவரிலிருந்து இருபது அடியேனும் தள்ளி, நாள் முழுவதும் வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் மூன்றடி வீதம் குழி எடுத்து, சில நாட்கள் வெயில் காயவிட்டு, மேல் மண்ணோடு சுமார் 10 கிலோ மக்கிய தொழு உரத்தையும் சிறிது வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து நிரப்புக. தக்காணத்தின் செம்மண் இம்மரத்துக்கு ஏற்றது. நீர் தேங்கும் கரிசல் மண்ணாக இருந்தால் சற்று மேடாக்கி நடுவது நல்லது. பருவமழை தொடங்கும் ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு உகந்தவை. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டு, காற்றில் ஆடாதபடி ஒரு கழியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஒட்டுக்குக் கீழிருந்து தளிர்கள் கிளம்பினால் தயக்கமின்றிக் கிள்ளி எறிக. அவை இமாம் பசந்த் அல்ல. அடியில் இருக்கும் நாட்டு மாவின் தளிர்கள். விட்டுவைத்தால் அவை மேலே உள்ளதை மடியச் செய்துவிடும்.

நகரவாசிகளில் பெரும்பாலோருக்கு நிலம் ஏது என்ற கேள்வி எழலாம். மாடியில் தொட்டியிலும் இதை வளர்க்க முடியும். ஆனால் உண்மையை மறைக்காமல் சொல்லிவிடுவது நம் கடமை. இமாம் பசந்த் இயல்பில் வீரியமாக வளரும் மரம். தொட்டியில் அடங்கியிருக்க அதற்கு ஆண்டுதோறும் கவாத்துத் தேவை. அப்படியும் ஒரு பருவத்தில் சில பழங்களுக்குமேல் எதிர்பார்க்கலாகாது. இரண்டடி அகலமும் அதே ஆழமும் கொண்ட தொட்டி அல்லது பீப்பாய், அடியில் நீர் வடியத் துளைகள், இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு மணல் என்பன போதுமானவை. பழம் பறித்த உடனே கிளை நுனிகளை வெட்டிவிட்டால், புதுத் தளிர் முதிர்ந்து அடுத்த பருவத்துக்குப் பூக்க அவகாசம் கிடைக்கும். நாட்கடந்து வெட்டினால் அவ்வாண்டுப் பூவை இழக்க நேரிடும்.

முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கள் தோன்றினால் அவற்றை அகற்றிவிட வேண்டும். மனம் வருந்தத்தான் செய்யும். எனினும் இளங்கன்று பழத்தைச் சுமந்தால் அதன் வளர்ச்சி குன்றிவிடும். நான்காவது அல்லது ஐந்தாவது ஆண்டில் சில பழங்களை ஏற்கலாம். வாடகை வீட்டிலும் உத்தியோகக் குடியிருப்பிலும் வாழும் நம்மவர்க்கு இங்கேதான் ஒரு மனத்தடை உண்டாகிறது. ஐந்தாண்டில் எந்த ஊருக்கு மாற்றலாகும் என்பதை யார் அறிவார்? நட்டவர் ஒருவர், உண்பவர் ஒருவர் ஆகிவிடுமே! இந்தத் தடைக்கு நம் விடை எளியது. நாம் இன்று உண்ணும் மாம்பழங்களில் நாமே நட்ட மரத்துப் பழம் எத்தனை? அன்றியும், இடம் பெயர்பவர்கூட மரத்தைத் தம்மோடு கொண்டுசெல்ல ஒரு வழி உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

மார்கழி தொடங்கி மாசி வரை பூக்கும் காலம். அதற்கு முந்திய இரண்டு மாதங்கள் வளர்ந்த மரத்துக்கு நீர் பாய்ச்சாமல் நிறுத்துவது வழக்கம். நீர் மிகுந்தால் மரம் தளிர்க்குமே தவிரப் பூக்காது. பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் பூக்கள் உண்டு. அவற்றுள் பல ஆண் பூக்கள். எஞ்சியவற்றிலும் மிகப் பல உதிர்ந்து, கொத்துக்கு ஒன்றோ இரண்டோ பிஞ்சுகளே முதிர்வு வரை நிற்கும். எனவே மரத்தடியில் பிஞ்சுகள் கொட்டிக் கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பிஞ்சு பட்டாணி அளவு ஆனதும் மீண்டும் நீர் பாய்ச்சலாம்.

பூக்காலத்தின் பகைகள் இரண்டு. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சும். சாம்பல் நோய் பூங்கொத்தை வெண்பொடியாகப் போர்த்திக் கருக்கிவிடும். முன்னதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலும், பின்னதற்கு நீரில் கரையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் வீதமும் வீட்டு மரத்துக்குப் போதும். பூக்கள் மலர்வதற்கு முன்பே தெளித்துவிட வேண்டும். மலர்ந்த பின் தெளித்தால், மகரந்தத்தைக் கொண்டுசெல்லும் ஈக்களும் வண்டுகளும் மடியும், காய்ப்பும் குறையும். காய் பருத்தபின் பழ ஈக்கள் வரும். அவை முட்டையிடாதபடி ஒவ்வொரு காய்க்கும் காகிதப் பை கட்டிவிடலாம். பத்து இருபது காய்கள் உள்ள வீட்டு மரத்தில் இது சிரமமான வேலையன்று. உதிர்ந்து அழுகிய பழங்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுவதும் அவசியம்.

பூத்ததிலிருந்து காய் முதிர்வதற்கு நூறு முதல் நூற்றிருபது நாட்கள் ஆகலாம். முதிர்வை அறியத் தோலின் நிறம் இங்கே உதவாது என்று முன்பே கூறினோம். காம்பைச் சுற்றித் தோள்பட்டை உயர்ந்து, காம்பு குழிக்குள் அமிழ்ந்ததுபோல் தோன்றும். தோலின் மீதுள்ள புள்ளிகள் தெளிவாகும். அணில் கடியாத பழம் ஒன்றிரண்டு தாமாக விழும். ஐயம் தீராவிட்டால் ஒரு காயைப் பறித்து நீரில் இடுக. முதிராதது மிதக்கும், முதிர்ந்தது மூழ்கும். கழியால் அடித்து வீழ்த்துதல் ஆகாது. இரண்டு அங்குலக் காம்போடு கத்தரித்து, காம்பைச் சுருக்கி நறுக்கிக் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். அப்பால் தோலில் பட்டால் அவ்விடம் கருகி, பின்னர் அங்கிருந்தே அழுகத் தொடங்கும்.

பழுக்க வைப்பதற்கு வைக்கோலைவிடச் சிறந்த சாதனம் இல்லை. காற்றோட்டமுள்ள அறையில் வைக்கோலைப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று படாதபடி ஒரே அடுக்காக வைக்க வேண்டும். கடைகளில் சிலர் கால்சியம் கார்பைடுக் கல்லைப் பயன்படுத்துகின்றனர். உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடை செய்திருக்கிறது. அக்கல்லில் ஆர்சனிக் முதலிய நச்சுக் கலப்புகள் இருப்பதே தடைக்குக் காரணம். அதனால் பழுத்த காய் வெளியே நிறம் மாறினாலும் உள்ளே சுவை கூடுவதில்லை. வீட்டில் விரைவு வேண்டுமானால், கூடையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தைச் சேர்த்து வைத்தால் போதும். அதிலிருந்து எழும் எத்திலீன் வாயு மாங்காயையும் பழுக்கச் செய்யும். நாள்தோறும் காம்படியை முகர்ந்து பார்க்க வேண்டும். மணம் எழுந்து, கட்டைவிரலால் மெல்லத் தொட்டால் சற்றே இளகும் நாளே உண்ணும் நாள். அதற்கு ஒரு நாள் முந்தினால் புளிப்பு விஞ்சும். இரண்டு நாள் பிந்தினால் குழைந்துவிடும். காத்திருக்கத் தெரிந்தவர்க்கே இப்பழம் முழுமையாகக் கிட்டும்.

சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்து உறையும் நிலையில் உண்டால் மணம் அடங்கிவிடும். அரைமணி நேரம் தண்ணீரில் இட்டு எடுப்பதே போதுமானது. பழம் பெரியது, அரைக் கிலோவுக்கு மேலும் நிற்கும். ஆகவே ஒரு பழத்தை ஒரு குடும்பம் பகிர்ந்துண்ணலாம். பச்சைத் தோலை நீக்கியதும் இளமஞ்சளான சதை தோன்றும். கத்திக்கு நார் தட்டுப்படாது. வாயிலிட்டால் கடிப்பதற்கு வேலை இல்லாமல் கரையும். முதலில் இனிப்பு, அதை ஒட்டியே நாரத்தையை நினைவூட்டும் மெல்லிய புளிப்பு, இறுதியில் நெடுநேரம் நிற்கும் மணம் என்று சுவை படிப்படியாக விரியும். வெறும் இனிப்பு சலித்துவிடும். அந்தச் சிறு புளிப்பே அடுத்த துண்டுக்குக் கையை நீட்டச் செய்கிறது. பங்கனப்பள்ளித் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறி மாறிச் சுவைத்தால் வேறுபாடு குழந்தைகளுக்கும் விளங்கும். சர்க்கரையும் பாலும் சேர்த்து இதைக் கரைத்துக் குடிப்பது, நல்ல வீணையை மேளத்தோடு சேர்த்துக் கேட்பதற்கு ஒப்பாகும்.

எல்லா மாநிலங்களுக்கும் இமாம் பசந்த் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. தில்லி போன்ற இடங்களில் பனிக்காலத்துக் குளிர் இளங்கன்றைக் கருக்கிவிடும்; முதல் சில ஆண்டுகள் வைக்கோலால் கூடாரமிட்டுக் காக்க வேண்டும். மழை மிகுந்த மேற்குக் கரையில் கரும்புள்ளி நோய் தொல்லை தரும். அங்குள்ளோர் அவ்வூர் மண்ணுக்குரிய அரிய ரகத்தையே ஏற்று வளர்ப்பது விவேகம். வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் கோஹிதூர் என்ற பழம் உண்டு. பஞ்சில் பொதிந்து காத்து, இரும்புக் கத்தி படாமல் மூங்கில் சீவலால் அரியும் வழக்கத்தை நவாபுகள் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். தொட்டியில் வளர்க்கக் குறுகிய மரம் வேண்டுவோர்க்கு ஆம்ரபாலி இருக்கிறது. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் தசேரியையும் நீலத்தையும் கலந்து 1971-ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது அது. வடக்கின் தசேரியோடு நம் தெற்கத்தி நீலம் சேர்ந்து பிறந்த பழம் என்பதை அறியும்போது, அதை வளர்ப்பதில் நமக்கு ஓர் உரிமை உணர்ச்சியும் தோன்றுகிறது.

மரத்தைத் தம்மோடு கொண்டுசெல்லும் வழியைப் பிறகு சொல்வதாகக் கூறியிருந்தோம். அது ஒட்டுக் கட்டுதலே. ஏதாவதொரு மாங்கொட்டையைப் பையில் முளைக்கவிட்டு, தண்டு பென்சில் பருமன் ஆகும்வரை வளர்க்கவும். இமாம் பசந்த் மரத்தில் மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக் கிளையைத் தேர்ந்து, பத்து நாட்களுக்கு முன்பே அதன் இலைகளைக் காம்பு மட்டும் நிற்கும்படி நறுக்கிவிட்டால், நுனி மொட்டு பருத்து நிற்கும். பருவமழை நாட்களில் அக்குச்சியை வெட்டி, அடிமுனையை ஆப்புப்போல் சீவி, நாற்றின் தண்டைப் பிளந்து அதில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகக் கட்டி, மேலே ஒரு மெல்லிய பையைக் கவிழ்த்து நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் தளிர் விட்டால் ஒட்டுப் பிடித்தது என்று கொள்ளலாம். இரண்டு மூன்று நாற்றுகளில் முயன்றால் ஒன்றாவது தேறும்.

அப்படித் தேறிய கன்றை மாற்றலாகிப் போகும் ஊருக்கு எடுத்துச் செல்லலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம். லக்னோவை அடுத்த ரெஹ்மான்கேடாவிலும், பெங்களூரை அடுத்த ஹெஸரகட்டாவிலும் மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் நூற்றுக்கணக்கான மா ரகங்களைத் தோட்டமாக வைத்துக் காத்து வருகின்றன. அது அவற்றின் கடமை. ஆயினும் ஆராய்ச்சித் தோட்டத்தில் மட்டும் உயிர்வாழும் ரகம், பொதுமக்களின் நாவுக்கு மறந்துபோன ரகமாகிவிடும். பத்து வீட்டு முற்றங்களில் நிற்கும் மரத்துக்கு அந்த ஆபத்து இல்லை; ஓரிடத்தில் வீடு கட்ட வெட்டினாலும் ஒன்பது இடங்களில் பூக்கும். வரும் ஆனி மாதத்தில் ஹிமாயத் ஒன்றை உண்ணும் நேயர்கள், அதன் கொட்டையை எறிந்துவிட வேண்டாம். ஒட்டுக்கு அடிநாற்றாக அதையே முளைக்க வைக்கலாம்.